அம்மாவின் கல்

சீட்டை நீட்டி, மாத்திரை அட்டையைக் கையில் வாங்கியதும் பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, இது கல்லக் கரைக்கிற மாத்திரதானே?"

மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்து 31 வருஷமாகிறது. உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்று முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. 'உர்சோ' என்றால் போதும். 300 மில்லிகிராம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அந்தக் கேள்விக்கு நான் வெகுகாலம் "ஆமாங்க" என்றே சொல்லிவந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 2013 ஐப்பசியில் அம்மாவுக்குப் பித்தக்குழாயில் கல் வந்தது. அதற்குப் பிறகு அந்த "ஆமாங்க" என் வாயில் வரவில்லை.

அம்மாவுக்குப் பித்தப்பையை 2007-லேயே எடுத்தாகிவிட்டது. வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, மூன்றாம் நாள் வீடு. பையே இல்லையென்றால் கல் எங்கிருந்து வரும் என்று நிம்மதியாக இருந்தோம். ஆறு வருஷம் கழித்து மேல்வயிற்றில் வலி என்றாள். வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய்க் குத்துகிறது என்றாள். வாயு என்று நானே முடிவுகட்டி, கடையிலிருந்து நானே மருந்து எடுத்துக் கொடுத்தேன். நாலு நாள் அப்படிப் போயிற்று. அந்த நாலு நாளை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். எத்தனையோ பேரிடம் "டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியவன், பெற்ற தாய்க்கு அதைச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அம்மாவே கூப்பிட்டுச் சொன்னாள். "ஒண்ணுக்குப் போனா டீத்தண்ணியாட்டம் போவுதுடா தம்பி." கண்ணின் வெள்ளையை விளக்கடியில் பார்த்தேன், மஞ்சள் ஏறியிருந்தது. மலம் வெளுத்துக் களிமண் மாதிரி போகிறதாம், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்திருக்கிறாள். உள்ளங்கையும் உள்ளங்காலும் ஓயாமல் அரித்தன. தலைவாரும் சீப்பை எடுத்து, அதன் பல்லால் உள்ளங்கையைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

அத்தை கீழாநெல்லியைப் பிடுங்கி வந்து மோரில் அரைக்க உட்கார்ந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் கை முதலில் போவது அந்தச் செடிக்குத்தான். ஆனால் கல்லீரல் நோயால் வருகிற காமாலை வேறு, குழாய் அடைத்து வருகிற காமாலை வேறு. இரண்டாவதில் கல்லீரல் பித்தத்தைச் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. இறங்க வழி இல்லாமல் அது ரத்தத்துக்குத் திரும்புகிறது. வெளுத்த மலமும் கறுத்த சிறுநீரும் அரிப்பும் சேர்ந்து வந்தால் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைப் படித்தவன்தான் நான்.

வடுவூர் ஏரியைத் தாண்டித் தஞ்சாவூர் போகும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கேனில் பித்தக்குழாய் 11 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது. பை எடுத்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கீழ்முனையில் 6 மில்லிமீட்டரில் ஒரு கல். பிலிருபின் 4.8.

அந்த வயிற்று மருத்துவர் ஸ்கேன் உறையைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்து காட்டினார். கல்லீரல் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தம் சுரக்கிறது. அது குழாய் வழியாக இறங்கிச் சிறுகுடலில் சேருகிற இடத்தில், மோதிரம் மாதிரி ஒரு தசை. 1887-ல் இத்தாலியில், பெருஜியாவில் மாணவனாக இருந்த ருஜ்ஜெரோ ஓடி அதை விவரித்து எழுதியதால் அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. சாப்பாடு இறங்கினால் அந்த மோதிரம் தளரும், பித்தம் விழும். மற்ற நேரம் இறுகிக்கிடக்கும். "உங்கம்மாவோட கல்லு இந்த வாசல்ல வந்து நிக்குது" என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

வழக்கமான வைத்தியம் இ.ஆர்.சி.பி. வாய் வழியாகக் குழாயை விட்டு, அந்த மோதிரத்தைக் கொஞ்சம் வெட்டி அகலமாக்கி, கல்லை இழுத்துப்போடுவது. 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியாக அந்த வெட்டைச் செய்து காட்டினார்கள். அதுவரை இதற்கு வயிற்றைத்தான் கிழிக்க வேண்டும். அம்மாவுக்கும் அதையே செய்துவிடலாம்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்புதான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம். நிறுத்தாமல் வெட்டினால் ரத்தம் நிற்காமல் போகலாம்.

"காய்ச்சல் இல்ல. வலி அடங்கியிருக்கு. பத்து நாள் பொறுத்துப் பாப்போம். இந்த அளவுக் கல்லு தானா இறங்குறதும் உண்டு" என்றார். "ஆனா குளிர்காய்ச்சல் வந்தா ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பி வந்துடணும். அப்ப வெட்டாம ஒரு பிளாஸ்டிக் குழாய மட்டும் வச்சுப் பித்தத்த இறக்கிவிட்டுடலாம். கல்ல அப்புறம் பாத்துக்கலாம்."

அப்போது நானும் என் கடைக்கு வருகிறவர்களைப் போலவே கேட்டேன். "கல்லக் கரைக்க மருந்து குடுப்பீங்களா டாக்டர்?"

அவர் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன். "கரைக்கிற மருந்து வேற, வழி விடுற மருந்து வேற. உங்கம்மாவுக்கு நான் குடுக்கப்போறது வழி விடுற மருந்து. அதுவும் கொஞ்சம்தான் விடும்."

சீட்டில் எழுதியதெல்லாம் என் கடை அலமாரியில் இருந்தவைதான். தசையைத் தளர்த்த டிரோட்டாவெரின். அடைபட்ட பித்தத்தில் கிருமி பெருகாமலிருக்க ஆன்டிபயாட்டிக். பித்தம் இறங்காவிட்டால் வைட்டமின் கே குடலில் ஏறாது என்பதால் அதற்கு ஓர் ஊசி. கடைசியில் உர்சோ. இவ்வளவும் எழுதிவிட்டு, அம்மா இருதயத்துக்காகக் கைப்பையில் வைத்திருந்த நாக்கடி மாத்திரை சார்பிட்ரேட்டைக் காட்டி, "நைட்ரேட் வகை எல்லாம் இந்த வாசலையும் தளத்தும், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. எத்தனை ஆயிரம் அட்டை விற்றிருப்பேன். "அதுக்காக நீங்களா எடுத்துக் குடுத்துறாதீங்க, பிரஷர் இறங்கிடும்" என்று உடனே எச்சரித்தார்.

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிடத் தெர்மாமீட்டருக்குத்தான் மதிப்பு. நாலு மணிக்கொரு தரம் அம்மாவின் அக்குளில் வைத்துப் பார்த்து, பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன். பக்கத்தில் சிறுநீரின் நிறம். வார்த்தை கிடைக்காமல் எனக்குத் தெரிந்த பண்டங்களின் பெயரையே எழுதினேன்: கட்டன்டீ, நல்லெண்ணெய், கடலெண்ணெய். ஒன்றுவிட்டு ஒரு நாள் ரத்தப் பரிசோதனை. 4.8 என்பது 5.3 ஆனது. பிறகு 4.9. இறங்குகிறது என்று சந்தோஷப்பட்ட மறுநாளே அரிப்பு கூடும். இடையில் தீபாவளி வந்தது. அதிரசமும் முறுக்கும் அக்கம்பக்கத்திலிருந்து வந்து குவிந்தன. அம்மா இட்லியும் எண்ணெய் விடாத ரசமும் சாப்பிட்டுவிட்டு, பேரப்பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்துவதை ஜன்னல் வழியே பார்த்தாள். "இந்த வருஷம் மருந்து மட்டும்தான் நமக்குப் பலகாரம்" என்றாள். லேகியத்தைத் தொட்டு நாக்கில் வைக்கக்கூட நான் விடவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு முன்னால் குனிந்தாள். வியர்வை ஊற்றியது. பேச்சு வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவள். இது இருதயமா பித்தமா என்று அந்த இருட்டில் நான் எப்படிக் கண்டேன்? தெர்மாமீட்டரை வைத்தேன், காய்ச்சல் இல்லை. பிரஷர் பார்த்தேன், 150 இருந்தது. சார்பிட்ரேட்டை எடுத்து நாக்கடியில் வைத்துவிட்டு, தம்பியைக் காரைக் கொண்டுவரச் சொன்னேன். இருதயம் என்று நினைத்துத்தான் வைத்தேன். கார் வாசலுக்கு வர இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் அம்மா நிமிர்ந்துவிட்டாள். ஒரு தரம் வாந்தி எடுத்தாள். "என்னமோ பிடிச்சிருந்தது விட்டாப்ல இருக்கு" என்றாள்.

உள்ளூரில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், மாற்றமில்லை. விடிந்ததும் தஞ்சாவூர். கணைய நொதி கொஞ்சம் ஏறியிருந்தது. மருத்துவர் ஒரு நாள் வாயில் எதுவும் கொடுக்காமல் சலைன் ஏற்றி வைத்திருந்தார். கல் அந்த வாசலைக் கடக்கும்போது பக்கத்தில் வந்து சேருகிற கணையக் குழாயையும் ஒரு கணம் அடைக்கும். அதில் கணையம் வெந்துபோய் உயிரே போனவர்கள் உண்டு என்று அப்போது சொன்னார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன் என்பதால் சொல்லவில்லை என்றார். இயற்கையாகவே போய்விடும் என்று சொல்லக் கேட்டால் எவ்வளவு மென்மையாக இருக்கிறது! அந்த ஒன்றரை மணியைப் பார்த்தவனுக்கு அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கும்.

அன்று சாயங்காலம் சிறுநீர் வெளுக்கத் தொடங்கியது. மறுநாள் நோட்டில் "நல்லெண்ணெய்" என்று எழுதினேன். அடுத்த நாள் எழுத எண்ணெய்ப் பெயர் எதுவும் பொருந்தவில்லை.

கல் போய்விட்டதா, பின்னால் நகர்ந்து ஒளிந்திருக்கிறதா என்பது எனக்குத் தெரிய வேண்டும். அம்மாவிடம் சட்டியில் போகச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ ஏன்டா இதையெல்லாம் பாக்குற, நான் செத்தா போயிட்டேன்?" என்றாள். என் மனைவி செய்கிறேன் என்றாள். அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. எனக்கு இரண்டு வயதில் சீதபேதி வந்து எட்டு நாள் மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்த கதையை அவளே நூறு தரம் சொல்லியிருக்கிறாள். அதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப்புறத்துக் குழாயடியில், கையுறை மாட்டிக்கொண்டு, பழைய மாவுச் சல்லடையில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கரைத்துப் பார்த்தேன். முதல் நாள் தக்காளி விதை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் கம்பியில் சிக்கி ஒன்று நின்றது.

பாசிப்பயறைவிடக் கொஞ்சம் பெரிது. வெளியே கரும்பழுப்பு, ஒரு ஓரம் உடைந்து, உள்ளே காவிக்கல்லைப் போல அடுக்கடுக்காக இருந்தது. கழுவிக் காயவைத்தேன். உறுதியாக இருக்குமென்று நினைத்து நகத்தால் அழுத்தியதும் ஒரு பக்கம் பொடிந்து, செங்கல் தூளாக விரலில் ஒட்டியது. மீதியை ஒரு சொட்டு மருந்துச் சீசாவில் போட்டு மூடினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தாள். "இத்தனூண்டுக்கா அந்தப் பாடு?" என்றாள். ஒரு வாரம் கழித்து எடுத்த எம்.ஆர்.சி.பி. படத்தில் குழாய் சுத்தமாக இருந்தது.

என் மகள் அப்போது பி.பார்ம் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவள் சீசாவைப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் கல்லூரி நூலகத்திலிருந்து கட்டுரைகளை நகலெடுத்து அனுப்பத் தொடங்கினாள். ராத்திரி கடை மூடியதும் போனில் அவள் வாசிக்க வாசிக்கக் கேட்பேன். முதல் கட்டுரையே என்னை அசைத்துவிட்டது. அர்ஜென்டினாவில், ரொசாரியோ நகரத்தில், அகோஸ்டா, லெதெஸ்மா என்ற இரண்டு மருத்துவர்கள் கணைய அழற்சி வந்தவர்களின் மலத்தைச் சல்லடையில் சலித்திருக்கிறார்கள். பித்தக்கல்லால் அழற்சி வந்த 36 பேரில் 34 பேரின் மலத்தில் கல் கிடைத்தது. 1974-ல் அதை எழுதினார்கள். கணையத்தைக் கெடுப்பது, வாசலைக் கடந்துபோகிற கல்தான் என்று உலகம் தெரிந்துகொண்டது அந்தச் சல்லடையால். கொல்லைப்புறத்தில் குந்தியிருந்த மூன்று நாளும் எனக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது.

உர்சோவின் கதையையும் அப்போதுதான் அறிந்தேன். சீன வைத்தியத்தில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கரடியின் பித்தத்தைக் கல்லீரல் நோய்க்குக் கொடுத்துவந்திருக்கிறார்கள். 1927-ல் ஜப்பானில், ஒகயாமாவில் ஷோடா என்பவர் அதிலிருந்து இந்த அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உர்சஸ் என்றால் லத்தீனில் கரடி. இப்போது மாட்டுப் பித்தத்திலிருந்து தயாராகிறது. கல்லைக் கரைப்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு எத்தனை நிபந்தனைகள்! கல் கொழுப்புக்கல்லாக இருக்க வேண்டும், சுண்ணாம்பு ஏறியிருக்கக் கூடாது, சிறியதாக இருக்க வேண்டும், பித்தப்பை நன்றாக வேலை செய்ய வேண்டும், ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம்வரை விடாமல் சாப்பிட வேண்டும். அப்படிக் கரைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐந்து வருஷத்தில் திரும்பிவிடுகிறது. அம்மாவின் கல்லோ பழுப்பு நிறமிக்கல். பித்தம் தேங்கி, அதில் கிருமி குடியேறி, பிலிருபினைப் பிரித்துச் சுண்ணாம்போடு சேர்த்துப் படியவைத்தது. பை எடுத்து வருஷக்கணக்கான பிறகு குழாயிலேயே விளைகிற கல் பெரும்பாலும் இதுதான். வடக்கே கொழுப்புக்கல் அதிகம். நம் தென்பக்கத்தில் நிறமிக்கல்லும் கலப்புக்கல்லும் கூடுதல். அந்த மாத்திரையை ஜென்மம் முழுக்கச் சாப்பிட்டாலும் அம்மாவின் கல் கரைந்திருக்காது. "இது கரைக்கிற மாத்திரதானே" என்று கேட்டுப்போன எத்தனை பேருக்கு எந்தக் கல் இருந்ததோ.

வழி விடுகிற மருந்தைத் தேடி மனிதர்கள் எத்தனை தூரம் போயிருக்கிறார்கள் என்பதும் அந்த நகல்களில் இருந்தது. பிரிட்டனில் பெல், எல்லிஸ் இருவரும் 1981-ல் மென்தால், பைனீன், சினியோல் சேர்ந்த மாத்திரையைக் குழாய்க்கல் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தைல டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாசனைக்காரர்கள்தான். சிலருக்குக் கல் மறைந்தது. அறுவை சிகிச்சையின்போது குழாயில் சிறுகல் தென்பட்டால், சர்க்கரை தாழ்ந்தவர்களுக்குப் போடுகிற குளுக்ககான் ஊசியை 1 மில்லிகிராம் போட்டு, வாசல் தளர்ந்ததும் சலைனால் அடித்து இறக்கிவிடுவார்கள். சீனாவில் ஒரு காலத்தில் இதை 'முழுத் தாக்குதல்' என்றே பெயர்வைத்துச் செய்தார்கள்: மூலிகைக் கஷாயம், பேதி உப்பு, எண்ணெயில் பொரித்த முட்டை, வாசலை முதலில் இறுக்கி அப்புறம் தளர்த்துகிற மருந்துகள், எல்லாம் சில மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து. மருத்துவமனைப் படுக்கையில், அறுவை மருத்துவர் பக்கத்தில் இருக்கையில் நடந்தது அது. இதற்கெல்லாம் எதிர்ப்பக்கமாக, எந்த மருந்தையும் நம்பாமல் சும்மா காத்திருந்து பார்த்தவர்களும் உண்டு. அயர்லாந்தில், கார்க் நகரத்தில், பை எடுக்கும்போது குழாயில் கல் தெரிந்தவர்களுக்கு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளேயே விட்டுவைத்து, 48 மணி நேரத்திலும் ஆறு வாரத்திலும் படமெடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கல் தானாகவே போயிருந்தது. 2004-ல் வந்த கட்டுரை.

இதைக் கேட்டதும் மகளிடம் கேட்டேன். "அப்ப ஆத்தாவுக்குக் கல்ல இறக்குனது எது? டிரோட்டாவெரினா, சார்பிட்ரேட்டா, இல்ல சும்மா இருந்திருந்தாலும் போயிருக்குமா?" அவள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். "தெரியாதுப்பா. ஆனா நீ நோட்டுல எழுதுனியே, அது இருந்ததாலதான் காத்திருக்க முடிஞ்சது" என்றாள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நடந்ததைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

2017 ஆடி மாதம். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர் எங்கள் கடைக்கு நெடுநாள் வாடிக்கை. பித்தப்பையில் பல கல் என்று ஸ்கேன் சொல்லி, எடுத்துவிடலாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். அவருக்குக் கத்தி என்றால் பயம். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த அந்த வைத்தியம் அவர் கைக்கு வந்தது: ஐந்து நாள் ஆப்பிள் ஜூஸ், ஆறாம் நாள் சாயங்காலம் வெந்நீரில் பேதி உப்பு, ராத்திரி பத்து மணிக்கு அரை டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு. காலையில் கல் எல்லாம் பச்சை பச்சையாக விழுந்துவிடும். பேதி உப்பும் ஆலிவ் எண்ணெயும் என்னிடம்தான் வாங்கினார். "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க சார்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. வாத்தியாருக்குப் பாடம் சொல்வதா என்று நாக்கு எழவில்லை.

அந்தச் செய்தி முழுப்பொய்யாக இருந்திருந்தால் நான் தைரியமாகத் தடுத்திருப்பேனோ என்னவோ. அதில் கொஞ்சம் மெய் இருக்கிறது. பேதி உப்பு சிறுகுடலில் பட்டால் அந்த வாசல் தளரும் என்று 1917-லேயே மெல்ட்சர் எழுதியிருக்கிறார். அதை வைத்துப் பித்தத்தை இறக்கிச் சோதிக்கும் முறைகூட இருந்தது. கொழுப்பு குடலில் இறங்கினால் ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைப் பிழியும் என்பதை 1928-ல் ஐவியும் ஓல்ட்பெர்க்கும் கண்டுபிடித்தார்கள். பையைப் பிழிந்து வாசலைத் தளர்த்துவது, சீனர்கள் செய்த அதே காரியம்தான். வாத்தியார் வீட்டில் அந்த ராத்திரி பக்கத்தில் யாரும் இல்லை. அவ்வளவு கல் இருக்கும் பையைப் பிழிந்தால் ஒன்று உருண்டு குழாய்க்குள் விழலாம் என்று சொல்லவும் ஆளில்லை. ஆளாக நான் இருந்தேன்.

மறுவாரம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தது, வெளியே வியர்த்திருந்தது. உள்ளே தண்ணீரில் பச்சைப் பட்டாணி மாதிரி உருண்டைகள் மிதந்தன. "எண்ணிப் பாத்தேன் தம்பி, நூத்தி இருவது" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அம்மாவின் கல்லைக் கையில் தொட்டவன் நான். அது தண்ணீரில் போட்டால் மூழ்கும், இந்த வழுவழுப்பும் அதில் கிடையாது. இது கல் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. "திரும்ப ஒரு ஸ்கேன் எடுத்துருங்க சார்" என்று மட்டும் சொன்னேன். பாட்டிலைக் கடையிலேயே வைத்துக்கொள், மற்றவர்களுக்கும் காட்டு என்று கொடுத்துவிட்டுப் போனார். குளிர்பெட்டியில் இன்சுலினுக்குக் கீழ்த்தட்டில் வைத்தேன்.

பத்து நாள் கழித்து அவருக்குக் குளிரும் காய்ச்சலும். வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து, ஆள் அனுப்பிப் பாராசிட்டமால் வாங்கியிருக்கிறார். கடைப் பையன் கொடுத்திருக்கிறான். நான் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை. வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், காமாலை: இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாயில் சீழ் என்று ஷார்கோ 1877-ல் எழுதிவைத்தார். மூன்றாவதான மஞ்சள், வாத்தியார் கண்ணில் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. திருச்சிக்குக் கொண்டுபோனபோது நினைவு தப்பியிருந்தது. அந்த ராத்திரியே இ.ஆர்.சி.பி. செய்தார்கள், அடைப்பை எடுத்ததும் சீழ்தான் வந்ததாம். பதினாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். பிறகு பையையும் எடுத்தார்கள்.

அதிலிருந்து உர்சோ அட்டை கொடுக்கும்போது கூடவே ஒரு துண்டுச்சீட்டும் கொடுக்கிறேன். குளிர் எடுத்தால், சிறுநீர் கறுத்தால், வலி ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாவிட்டால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள் என்று கையால் எழுதியது. சிலர் படிக்கிறார்கள். பலர் அதிலேயே மாத்திரையை மடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து வாத்தியார் கடைக்கு வந்தார். சட்டை தோளில் தொங்கியது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அந்த பாட்டில் இருக்கா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். 2005-ல் நியூசிலாந்துக்காரர் இருவர் 'லான்செட்'டில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு மகள் அனுப்பியதில் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். இதே மாதிரி எண்ணெயும் எலுமிச்சையும் குடித்த ஒரு பெண்ணுக்கு விழுந்த பச்சை உருண்டைகளைச் சோதித்தார்கள். கொழுப்புக்கல்லின் சத்து இல்லை, பிலிருபின் இல்லை, சுண்ணாம்பு இல்லை. பெரும்பங்கு கொழுப்பு அமிலம். 40 டிகிரிச் சூட்டில் பத்து நிமிஷம் வைத்ததும் உருகிப் பச்சை எண்ணெயாகிவிட்டது.

அவர் டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு இரண்டு டம்ளரில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் ஒரு பச்சை உருண்டையைப் போட்டார். அம்மாவின் சீசாவைக் கேட்டு வாங்கி, கல்லை உள்ளங்கையில் கொட்டி, அதிலிருந்து ஒரு கடுகளவு துணுக்கை மட்டும் எடுத்து மற்றதில் போட்டார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முட்டி இரண்டிலும் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். கல் துணுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. உருண்டை மேலே மிதந்து, ஓரம் மழுங்கி, தட்டையாகி, கொஞ்ச நேரத்தில் பச்சைப் படலமாகத் தண்ணீர்மேல் விரிந்தது.

"சோப்பு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "எண்ணெயும் காரமும் சேந்தா என்ன வரும்னு முப்பது வருஷம் போர்டுல எழுதிப்போட்டிருக்கேன் தம்பி" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவர் அந்தத் துணுக்கைத் தாளில் வடித்துத் துடைத்து, கல்லோடு சேர்த்துச் சீசாவில் போட்டு மூடிக் கொடுத்தார். "ஆத்தா நல்லாருக்காங்களா?" என்று கேட்டார். இருக்காங்க சார் என்றேன். ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார். டீக்கடை டம்ளரின் உட்பக்கமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. நான் கழுவுகிறேன் என்றேன். கேட்கவில்லை. அவரே குழாயடிக்குப் போய், குனிய முடியாமல் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, அதை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினார்.